பை ஆர்டர்

இரண்டே இங்கிலீஷ் சொல்லில் காவிரியையே கைகட்டி நிற்கவைத்தவன் நான். மோகனூர்த் துறையில் உச்சிவெயில். துரையின் முகாம் மூட்டைகளுக்கென்று கட்டிப்போட்ட ஒற்றைப் பரிசலுக்குச் சேவகர் காவல். அக்கரையில் மகள் இடுப்புவலியில் கிடக்க, விடிந்ததிலிருந்து மணலில் குந்திக் களைத்த பாவாயியின் கையில் விளக்கெண்ணெய்ப் புட்டி மினுங்குகிறது. "சேவகரிடம் போய்ச் சொல்லட்டுமா?" என்கிறேன். "உங்க இங்கிலீசுக்கு ஈ கூட நகராதுங்க சாமி" என்று கொட்டாவி விடுகிறார் பரிசல்காரர் சென்னிமலை. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பை ஆர்டர்!" என்கிறேன். மேலிடத்து உத்தரவு என்று பொருள். எல்லாச் சர்க்கார் நோட்டீசுக்கும் அடியில் இருப்பது. எந்த மேலிடம் என்று என் முப்பது வருஷக் குமாஸ்தா உத்தியோகத்தில் எவரும் கேட்டதில்லை. சேவகரும் கேட்கவில்லை. சோர்ந்த கை ஒரு சலாம் வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்கிறது. பாவாயி ஏறிக்கொள்கிறாள். துடுப்பைப் போட்டபடி சென்னிமலை திரும்பிப் பார்க்கிறார். "நெசமாலுமே அவுத்து உட்டுட்டாருங்க!"