இரண்டு கம்ப்யூட்டரும் நின்ற பிறகு

“தம்பி, அதை நிறுத்தித் தொலைங்க!”

“நான் எப்பவோ நிறுத்திட்டேன் அண்ணி. உங்க பக்கந்தான் ஓடுது.”

“இங்க வயரையே பிடுங்கிப் போட்டாச்சு!”

குந்தவை ஸ்பீக்கரில் போட்டுச் சண்டை பிடித்தால், பக்கத்து வீட்டில் நான் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

செத்துப்போன அவள் புருஷன் சூர்யபிரகாஷ், யூடியூப் லைவில் நெல் விவசாயம் பேசுவான். பார்க்க வருகிறவர்களைப் பேர் சொல்லி வரவேற்க ஒரு சாட்பாட் செய்து, கரண்ட் போனாலும் நிற்காதபடி, சிங்கப்பூரில் தம்பி தமிழரசனின் கம்ப்யூட்டரிலும் சேர்த்து ஓடவிட்டிருந்தான். அன்றைக்குச் சேனலை மூடப்போவதாகச் சொல்ல இவள் லைவுக்கு வந்தாள். “வா குந்தவை, ஏன் இளைச்சுட்டே?” என்று எழுதியதாம் அது.

“இப்படிக் கேட்டா நான் எப்படித் தம்பி இன்னொருத்தருக்குக் கழுத்தை நீட்டுவேன்?” என்று அழுதாள். “இன்னொரு தடவை பார்க்கிறேன் அண்ணி” என்று தமிழரசன் ஃபோனை வைத்தான்.

ஆனாலும் தை மாதம் நீட்டினாள். ஃபோட்டோக்காரர் தன் சேனலில் கல்யாணத்தை லைவ் போட்டார். யார் யார் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா? மண்டபத்தில் உட்கார்ந்தபடியே ஃபோனைத் திறந்தேன். தாலி ஏறியதும், மூடிப்போன சூர்யபிரகாஷ் சேனலின் பெயரில் ஒரு வரி வந்தது.

“எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். குந்தவை இப்போது புதுப் புருஷனோடு நாகப்பட்டினத்தில் இருக்கிறாள். தமிழரசன் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டான்.