மொட்டை மணிகள்

"மறுபடியும் வந்துட்டுப் போயிருக்காரு," என்றான் மகினோ. கண்ணாடிக் குழாயை ஏறிட்டுப் பார்க்கக்கூட அவனுக்குத் தைரியம் இல்லை.

குழாய்க்குள் வெள்ளை மணிகள் அடைத்தது அடைத்தபடி இருந்தன. மேலே ஊற்றிய பால்தான் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது குழாயும் செத்துவிட்டது.

அந்த மணிகள் குராமோச்சி பெற்றெடுத்த பிள்ளைகள் மாதிரி. பாக்டீரியாவின் வயிற்றுக்குள்ளேயே மாவு போன்ற பிளாஸ்டிக் மணிகளை விளைய வைத்து, பால் சர்க்கரையை உடைக்கும் நொதியோடு ஒட்டிப் பிறக்கவும் செய்தவர் அவர். நொதி பாலோடு அடித்துக்கொண்டு போகாது, ஒரே மணியிடம் மாதக்கணக்கில் வேலை வாங்கலாம். உழைத்து ஓய்ந்தபின் மண்ணில் கொட்டினால் மக்கிவிடும்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் மனுஷன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் இருந்தவரை ஒரு குழாய்கூடக் கெட்டதில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவர் மனைவி சனாயே பொறுப்பேற்ற பிறகு ஒன்றுகூடத் தேறவில்லை.

"பொண்டாட்டிக்குக்கூட விட்டுக்கொடுக்க மனசு வரல போல," என்று மகினோ பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தான்.

சனாயே காதில் அது விழுந்தது. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. மணிகளைக் கழுவிக் குழாயில் நிரப்பும்போதெல்லாம் பின்னால் யாரோ நிற்பது போலவே இருந்தது.

மறுநாள் காலை, வீட்டில் அவர் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். "ஏங்க, என்மேல அப்படி என்ன கோபம்? இன்னும் ஒரு குழாய்தான் பாக்கி. அதுவும் போச்சுன்னா எல்லாத்தையும் மூடிடுவாங்க. நீங்க பட்ட பாடெல்லாம் குப்பைக்குத்தாங்க போகும்."

அழுது முடித்து, தினமும் போல ஒரு கிண்ணத்தில் சுடுசோறும் அதன்மேல் அவருக்குப் பிடித்ததுமாக எடுத்து வைத்தாள். ஒவ்வொரு குழாய் செத்தபோதும் அந்தக் கிண்ணம் இன்னும் கொஞ்சம் நிறைந்தது. வேலை வேலை என்று ஆயுசு முழுக்க நாக்கைக் கட்டியவர், இப்போதாவது வயிறாரச் சாப்பிடட்டுமே. பிறகு கையைக் கழுவிக்கொண்டு, நான்காவது குழாயை நிரப்பக் கிளம்பினாள்.

ஒரே வாரத்தில் அதுவும் போனது. மணிகளைக் கொட்டிவிட்டுக் கூடத்தைக் காலி பண்ணச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கூடத்துக்குத் தலைவரான ஹிராசாவா அன்றைக்குத்தான் எல்லோரையும் கூப்பிட்டார்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. மணியெல்லாம் முழுசா இருக்கு. மேல ஒட்டியிருந்த நொதிய மட்டும் ஒண்ணு மேஞ்சுட்டுப் போயிருக்கு, மணி மொட்டையா நிக்குது. மேஞ்சது நாட்டோ கிருமி!"

கூடமே அதிர்ந்தது. கிண்டக் கிண்ட நூல் நூலாய் இழுக்கும் அந்தப் புளித்த சோயாவைக் கிருமி வளர்த்துப் பிழைக்கிறவர்கள் யாரும் தொடமாட்டார்கள். அதன் கிருமி கையைக் கழுவினாலும் போகாமல் எப்படியாவது கூட வந்து, கண்ட புரதத்தையெல்லாம் தின்றுவிடும். வேலைக்குச் சேரும் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள், நாட்டோ சாப்பிடாதே என்று.

சனாயேவுக்கு உடம்பெல்லாம் லேசானது. 'அப்படின்னா அவருக்கு என்மேல கோபம் இல்ல!' பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"யார் சாப்பிட்டது? இப்பவே சொல்லிடுங்க," என்றார் ஹிராசாவா.

"சத்தியமா நான் இல்ல சார். அந்த நாத்தத்துக்குப் பயந்து மாமியார் வீட்டுக்கே போறதில்ல," என்றான் மகினோ. மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தார்கள்.

"நான் ஒரு பருக்கைகூட வாயில வெச்சதில்ல," என்றாள் சனாயே. அது உண்மைதான்.

"யாருமே சாப்பிடலன்னா அப்புறம் யாருதான் சாப்பிட்டது?"

சனாயேவின் சிரிப்பு நின்றது. விரல்களைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அவருதான் சார்... தினமும் நான்தான் கிண்டி வெச்சேன்."