நூல் கட்டாத கை

குழந்தைகள் அறக்கட்டளையின் பழைய படங்களை நௌஷீன் ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். 1998, கடற்கரைக் கோடை முகாம். பிள்ளையார்பாளையத்தில் பஸ் ஏறும்போதே ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டு நூலைக் கட்டிவிடுவார்கள். தலை எண்ணச் சுலபம்.

படத்தில் ஒரு கையில் மட்டும் நூல் இல்லை. அலையில் நனைந்து சிரித்தபடி நின்ற அந்தச் சிறுமி நௌஷீன்தான்.

அந்த வருடம் அவள் முகாமுக்குப் போகவில்லை. காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள்.

அம்மா உம்முசல்மாவிடம் படத்தைக் காட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"பஸ்ஸு பூட்ச்சேன்னு அழுதுக்கினே தூங்கிட்ட. சாயங்காலம் காய்ச்சல் விட்டு, தலையெல்லாம் ஈரம். வேர்வைன்னுதாம்மா துடைச்சேன்."

படத்தை ஒருமுறை ஆசையாகத் தடவினாள்.

"துண்டை உதறினா, அவ்ளோ மணலு."