ஆணியில் தொங்கிய சட்டை

சாலைக் கடைத்தெருவின் மொத்த வியாபாரத் துணிக்கடையில், டி-ஷர்ட் கட்டுகளை ஒதுக்கிவிட்டு, அச்சுக்கடைக்காரி ஜெஸ்லின் தான் கொண்டுவந்த இஸ்திரிப்பெட்டியை அங்கேயே பிளக்கில் மாட்டுகிறாள். "முழுசும் பாலியஸ்டராக்கும், மோளே," என்கிறார் முதலாளி மைதீன், உள்பனியனோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடி. போன தடவையும் இதைத்தான் சொல்லி, கலப்புத் துணியைத் தலையில் கட்டினார். பருத்தி கலந்த துணியில் இந்த மை நிற்காது. ஒரே அலசலில் படகுச் சின்னம் வெளுத்துப்போக, ஆர்டர் கொடுத்த விழிஞ்ஞத்துக் கால்பந்துக்காரர்கள் அத்தனை டி-ஷர்ட்டையும் அவள் கடை வாசலில் வீசிவிட்டுப் போனார்கள். இப்போது ஒரு டி-ஷர்ட்டின் மேல் படகு பதித்த அச்சுத்தாளைக் கவிழ்த்து, பெட்டியால் அழுத்துகிறாள். மை வாடை மூக்கில் ஏறுகிறது. தாளை உரித்தால், சிவப்புப் படகு சோகை பிடித்தாற்போலக் கிடக்கிறது. "இந்த விலைக்கு இதுதான் கிட்டும். வேண்டாம்னா போ." ஜெஸ்லின் போகவில்லை. ஆணியில் தொங்கும் அவருடைய வெள்ளைச் சட்டையை உருவி விரிக்கிறாள். அசல் பாலியஸ்டரின் வழவழப்பு விரலுக்கே தெரிகிறது. "ஏய், அது என் சட்டை!" அவள் அடுத்த தாளை வைத்து அழுத்துகிறாள். கை வைத்தால் சுட்டுவிடும் என்பதால் மைதீன் பக்கத்தில் நின்று கத்தத்தான் முடிகிறது. தாளை உரிக்கிறாள். சட்டையின் முதுகில் படகு செக்கச்செவேலென்று நிற்கிறது. "இனி எந்தச் சோப்பு போட்டாலும் இது போவாது, பாய். எனக்கு இந்தத் துணிதான் வேணும்."