ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கேள்வி

"எப்பவாவது வலிப்பு வந்திருக்காம்மா?"

மயக்க மருந்து டாக்டர் ஷோபனா கேட்டதும், கட்டிலில் இருந்த தேவயானி தன் அம்மா சுந்தரம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

சுந்தரம்மாளோ எதிரே நின்ற சம்பந்தி மாணிக்கம்மாளைப் பார்த்தாள். ஒரு சேதி அந்த அம்மாள் காதில் விழுந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் ஜவ்வாது மலை முழுக்கத் தெரிந்துவிடும். இதுவோ வலிப்பை மறைத்து நடத்திய கல்யாணம்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதயத்தை நிறுத்தி, மெஷின் போட்டுத்தான் வால்வு மாத்தப் போறோம். ரத்தம் நிறையப் போகாம இருக்க ஒரு மருந்து குடுப்போம். நல்ல மருந்துதான். ஆனா வலிப்பு இருக்கிறவங்களுக்குப் பார்த்துத்தான் குடுக்கணும்."

"சின்ன வயசுலகூட வந்ததில்லீங்க. இன்னா தேவயானி?"

தேவயானி தலையைக் குனிந்துகொண்டாள். மாணிக்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியவளான பிறகு வரவே இல்லையே, அதை எதற்கு இப்போது கிளற வேண்டும் என்று சுந்தரம்மாள் தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரத்தம் கொடுக்க மலையிலிருந்து ஜீப் பிடித்து வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவாக ரத்தம் போகவில்லையாம்.

அன்று சாயங்காலமே ஐ.சி.யூ.வில் தேவயானிக்கு வலிப்பு வந்தது. அடங்கி, மறுபடியும் வந்தது. அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

மருமகன் தனசேகரன் டாக்டரிடம் சண்டைக்குப் போய்விட்டான்.

"நடந்து வந்த பொண்ணுங்க அது! இன்னாத்த ஊசி போட்டீங்க?"

சுந்தரம்மாளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க மாப்ள! நான்தான் பொய் சொன்னேன். சின்னதுல அவளுக்கு வலிப்பு இருந்துச்சு."

தனசேகரன் ஒதுங்கிக்கொண்டான். டாக்டரும் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சுந்தரம்மாளுக்கு.

"அந்த மருந்தாலதான்னு இப்ப அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா தெரிஞ்சிருந்தா அளவைக் குறைச்சிருப்போம், இல்ல வேற வழி பார்த்திருப்போம். இனிமே அவங்க கண்ணு முழிக்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்."

வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள் சுந்தரம்மாள். பெற்ற தாயே பிள்ளைக்கு எமனாகலாமா?

மாணிக்கம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டினாலும் சரி, அடித்தாலும் சரி, வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று சுந்தரம்மாள் காத்திருந்தாள்.

"கட்டிக்கினு வந்த வருசமே சாமை அறுப்புல வுழுந்துட்டா சம்பந்தி. நான்தான் மடியில போட்டுக்கினு வாயில வந்த நொரையத் தொடச்சி வுட்டேன்."

சுந்தரம்மாள் விலுக்கென்று நிமிர்ந்தாள்.

"'உங்களுக்குத் தெரியும்னு எங்கம்மாவுக்குத் தெரிய வேணாம் அத்தே, கூனிக் குறுகிப் போயிடும்'னு அழுதா. என் புள்ளகிட்டகூட நான் மூச்சு வுடல."

மாணிக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குமுறினாள்.

"டாக்டரு கேட்டப்போ, உங்க மானம் போய்டக் கூடாதேன்னு நானும் சும்மா நின்னுட்டேனே சம்பந்தி!"