இரண்டு பேருக்கான வரி

வெளிநாட்டு விடுதியின் வரவேற்பு மேசையில் பித்தளை மணி காலை வெயிலில் மின்னுகிறது. அதன் பக்கத்தில் வாத்தியாரின் கை; கையில் ஒரு பை, பைக்குள் ஆஸ்பத்திரிக்காரர்கள் திருப்பிக் கொடுத்த மனைவியின் செருப்பு. மேசைக்குப் பின்னால் நிற்கும் தமிழ்ப் பெண் ரசீதைக் காட்டுகிறாள்: வாடகை போக, பயணிகள் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் தலைக்கு இவ்வளவு என்று நகராட்சிக்கு வரி. “ரெண்டு தலையா? வந்து இறங்கின அன்னிக்கே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில கிடக்கிறாம்மா அவ! உங்க மெத்தையில யாரு படுத்தா?” டாக்டர்களிடம் வாய் திறக்காத மனிதர் இங்கே வகுப்பறைக் குரலில் கத்துகிறார். கூடத்தில் ஊர் வரைபடத்தை விரித்து வைத்திருந்த பயணிகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பெண்ணின் முகம் சுண்டிப்போகிறது. “மன்னிச்சிடுங்க சார், எனக்குத் தெரியாது. தங்காதவங்களுக்கு வரி இல்ல. அவங்க பேரை எடுத்துட்டு ஒருத்தர்னு மாத்திடறேன்.” ஒரே ஒரு தட்டு. கணினித் திரையில் அவர் பெயருக்குக் கீழே, மனைவியின் பெயர் இருந்த இடத்தில், வெறுமையாக வெள்ளை விழுகிறது. அவர் உள்ளங்கை மேசையை அறைகிறது. அந்த அதிர்வில் மணி சிணுங்குகிறது. “யாரைக் கேட்டு எடுத்தே? அவ வருவா! ரெண்டு பேருன்னே போடு. இன்னிக்கு ராத்திரிக்கும் சேர்த்துப் போடு!”