ஒரு வார்த்தைக்கு அம்பது வேஷம்

மத்தியாஸ் இரண்டு கையையும் நீட்டி, "வா கண்ணு, வா" என்றார். நான்கு வயதுப் பேத்தி ஜூலியா முகம் சுருங்கி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். இத்தாலியில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியாதுதான். நீட்டிய கைகூடவா புரியாது?

"என்னப் பத்தி என்னடி சொல்லி வளத்த?"

"ஒண்ணும் சொல்லலப்பா. புது ஆளுன்னு பயப்படுறா" என்றாள் மகள் டின்சி.

அவர் நம்பவில்லை. லீவில் இங்கே தங்கிய இரண்டு நாளும் அவர் வா என்றதும் பிள்ளை அழுதுகொண்டே ஓடியது. மூன்றாம் நாள் காலை ஜீப் அவர்களை ஏற்றிக்கொண்டு சித்திரபுரம் வளைவில் மறைந்தது. இனி மூன்று வருடம் கழித்துத்தான் லீவு.

பக்கத்து வீட்டு ஜோமோள் வாசலில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். இத்தாலிக்கு நர்ஸ் வேலைக்குப் போக அவளுக்கு அந்த ஊர்ப் பாஷையில் பரீட்சை.

"வாதோ, வாய், வா..."

"ஒத்த வார்த்தையப் போட்டு ஏம்புள்ள இந்தப் பாடு படுத்துற?"

"அதுதான் என்னப் படுத்துது தாத்தா. போறேன், போனேன், போவேன், போயிருப்பேன்னு ஒரு வார்த்தைக்கு அம்பது வேஷம். லேசானது ஒண்ணுதான். ஒருத்தரப் போன்னு வெரட்டணும்னா, 'வா'."

மத்தியாஸ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாலையில் விமான நிலையத்திலிருந்து டின்சி வீடியோவில் கூப்பிட்டாள். ஜூலியா போனை வாங்கி அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு கையை ஆட்டினாள்.

"தாத்தா, வா."

அது எந்த ஊர் 'வா' என்று கேட்காமல் மத்தியாஸும் கையை ஆட்டினார்.